வீட்டுக்கு வெளியே வாசிப்போம்

வாசிக்கும் முன் சிந்திக்க: கடந்த வாரம் நீங்கள் எங்கே உட்கார்ந்து புத்தகம் வாசித்தீர்கள்? அந்த இடம் உங்களுக்குப் பிடித்திருந்ததா? ஏன்?

புத்தகம் வாசிக்க என்னென்ன வேண்டும்? முதலில் ஒரு புத்தகம் வேண்டும். போதிய வெளிச்சமும் கொஞ்சம் நேரமும் வேண்டும். இம்மூன்றோடு நான்காவதாக ஒன்றும் தேவைப்படுகிறது. அதுதான் இடம். நல்ல புத்தகம் கையில் இருந்தும் பத்துப் பக்கங்களைத் தாண்ட முடியாமல் போவதுண்டு. பல நேரங்களில் அதற்குப் புத்தகம் காரணமன்று. நாம் உட்கார்ந்திருக்கும் இடமே காரணம்.

சிங்கப்பூரில் வசிப்பவர்களில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் வாழ்கிறார்கள். மாலை நேரத்தில் அத்தகைய ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். வரவேற்பறையில் பாட்டி தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டிருப்பார். தம்பி திறன்பேசியில் விளையாடிக்கொண்டிருப்பான். சமையலறையிலிருந்து தாளிக்கும் ஓசை கேட்கும். "கொஞ்சம் இங்கே வா" என்று யாராவது அழைப்பார்கள். இவற்றில் எதையும் குறை சொல்ல முடியாது. பலர் சேர்ந்து வாழும் வீடு அப்படித்தான் இருக்கும். ஆனால், ஒரு கதையின் போக்கைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் செல்ல விரும்பும் வாசகருக்கு அது எளிதான இடமன்று.

இதில் நாம் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. எல்லா மாணவர்களுக்கும் வீட்டில் ஒரே வசதி இருப்பதில்லை. சிலருக்குத் தனி அறையும் மேசையும் விளக்கும் இருக்கும். சிலர் ஒரே அறையை மூவரோடு பகிர்ந்துகொள்வார்கள். வீட்டுக்கு வெளியே யாரும் போய் உட்காரக்கூடிய அமைதியான இடம் ஒன்று இருந்தால், இந்த வேறுபாடு சற்றுக் குறைகிறது. எனவே, வாசிக்கும் இடம் என்பது விருப்பத்தைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. யாருக்கெல்லாம் வாசிக்க வாய்ப்புக் கிடைக்கிறது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

நூலகம்: கட்டணமின்றிக் கிடைத்த நாற்காலி

வாசிப்பதற்கென்றே அமைந்த பொது இடம் நூலகம். இன்று நாம் நூலகத்திற்குள் நுழையும்போது யாரும் நம்மிடம் காசு கேட்பதில்லை. அங்குள்ள நாற்காலியில் உட்கார்ந்து, எந்தப் புத்தகத்தையும் எடுத்து, மூடும் நேரம்வரை வாசிக்கலாம். இதை நாம் இயல்பான ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால், சிங்கப்பூரில் எப்போதும் நிலைமை இப்படி இருக்கவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இயங்கிய ராஃபிள்ஸ் நூலகத்திலிருந்து புத்தகங்களை இரவல் பெற விரும்பியவர்கள் சந்தா கட்ட வேண்டியிருந்தது. அங்கிருந்த நூல்களில் பெரும்பாலானவை ஆங்கில நூல்கள். சந்தா கட்ட இயலாதவர்களுக்கும் ஆங்கிலம் அறியாதவர்களுக்கும் அந்த நூலகத்தால் அதிகப் பயன் இருந்திருக்காது.

1953ஆம் ஆண்டில் லீ காங் சியான் என்னும் தொழிலதிபர், புதிய நூலகம் ஒன்றைக் கட்டுவதற்காக 375,000 வெள்ளி நன்கொடை தர முன்வந்தார். அவர் இரப்பர்த் தொழிலில் பெரும் பொருள் ஈட்டியவர். பணத்தோடு அவர் நிபந்தனையும் வைத்தார். நூலகம் பொதுமக்கள் அனைவருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும் என்றார். இங்கு வாழும் மக்களின் மொழிகளில் உள்ள நூல்களுக்கும் அதில் இடம் வேண்டும் என்றார். 1957இல் அக்கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1960ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஸ்டாம்ஃபர்ட் சாலையில் சிவப்புச் செங்கற்களால் கட்டப்பட்ட அந்த நூலகத்தை யூசோஃப் இஷாக் திறந்து வைத்தார். பின்னாளில் சிங்கப்பூரின் முதல் அதிபரானவரும் அவரே. உங்கள் பணப்பையில் உள்ள வெள்ளி நோட்டுகளில் நீங்கள் காணும் முகமும் அவருடையதுதான்.

ஏறத்தாழ நாற்பத்து நான்கு ஆண்டுகள் அந்தச் செங்கல் கட்டடம் பல தலைமுறை மாணவர்களுக்கு வாசிப்பு இடமாக விளங்கியது. கோட்டைக் குன்றின் அடியில் சுரங்கச் சாலை அமைக்கும் திட்டத்திற்காக அது 2004இல் மூடப்பட்டுப் பிறகு இடிக்கப்பட்டது. அப்போது பலர் வருந்தினார்கள். கட்டடத்தைக் காக்க வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். பெரிய மாளிகையோ கோவிலோ அல்லாத ஒரு நூலகக் கட்டடத்திற்காக மக்கள் ஏன் இவ்வளவு வருந்தினார்கள்? அவர்கள் முதன்முதலாகப் புத்தகங்களோடு தனியாக உட்கார்ந்த இடம் அது. தேர்வுக்குப் படித்ததும் நண்பர்களுக்காகப் படிக்கட்டில் காத்திருந்ததும் அங்கேதான். வாசித்த இடமும் வாசித்த புத்தகத்தைப் போலவே மனத்தில் தங்கிவிடுகிறது.

2005ஆம் ஆண்டில் விக்டோரியா ஸ்திரீட்டில் பதினாறு மாடிகள் கொண்ட புதிய தேசிய நூலகக் கட்டடம் திறக்கப்பட்டது. அதன் நிலத்தடித் தளத்தில் இரவல் நூலகம் இருக்கிறது. மேல்மாடிகளில், லீ காங் சியான் பெயரைத் தாங்கிய மேற்கோள் நூலகம் இருக்கிறது. மேற்கோள் நூலகத்தின் புத்தகங்களை வீட்டிற்கு எடுத்துச் செல்ல முடியாது. அங்கேயே உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். அது ஒரு குறையாகத் தோன்றலாம். ஆனால், "பிறகு வாசித்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட அங்கு வழியில்லை. தேடிப் போனதை அன்றே வாசித்துவிட்டுத் திரும்புகிறோம்.

இன்று நூலகங்கள் மக்கள் கூடும் இடங்களுக்கே வந்துவிட்டன. தெம்பனிஸில் விளையாட்டரங்கமும் உணவங்காடி நிலையமும் இருக்கும் வளாகத்திலேயே வட்டார நூலகமும் இருக்கிறது. ஆர்ச்சர்ட் சாலையின் கடைத்தொகுதி ஒன்றிலும், எஸ்பிளனேட் கலை அரங்கிலும் நூலகங்கள் உள்ளன. நூலகத்திற்கு வர இயலாதவர்களைத் தேடி, 'மோலி' என்னும் நடமாடும் நூலகப் பேருந்து 2008ஆம் ஆண்டு முதல் சென்று வருகிறது. அந்தப் பேருந்துக்குள் ஏறினால், இருபுறமும் புத்தக அடுக்குகள் இருக்கும். பள்ளி வளாகத்தில் நிற்கும் ஒரு பேருந்தும் வாசிப்பு இடமாக மாறிவிடுகிறது.

ரயில்: நாற்பது நிமிட வகுப்பறை

சிங்கப்பூரில் பெருவிரைவு ரயில் சேவை 1987ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி தொடங்கியது. இன்று நம்மில் பலர் நாள்தோறும் அதில் பயணம் செய்கிறோம். ரயில் பெட்டி ஒரு விந்தையான வாசிப்பு இடம். அங்கே கூட்டம் உண்டு. ஆனால், யாரும் நம்மைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. செய்ய வேண்டிய வேலை எதுவும் அங்கு நம் கண்முன் இருப்பதில்லை. இறங்கும் நிலையம் வரும்வரை அந்த நேரம் நமக்கே உரியது. பெட்டிக்குள் உண்ணவும் குடிக்கவும் தடை இருப்பதால், புத்தகத்தின்மீது யாருடைய காப்பியும் சிந்திவிடும் என்ற அச்சமும் இல்லை.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு மாணவி பள்ளிக்குப் போக இருபது நிமிடமும், திரும்ப இருபது நிமிடமும் ரயிலில் இருக்கிறாள். ஒரு பக்கத்தை வாசிக்க அவளுக்கு இரண்டு நிமிடம் தேவை. அப்படியானால், ஒரு நாளைக்கு இருபது பக்கங்கள். ஐந்து பள்ளி நாள்களில் நூறு பக்கங்கள். இருநூறு பக்க நாவல் ஒன்றை அவள் இரண்டே வாரங்களில் முடித்துவிடுவாள். அதற்காக அவள் தூக்கத்தையோ விளையாட்டையோ விட்டுக்கொடுக்கவில்லை. சிறு துளி பெருவெள்ளம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆனால், ஓடும் வாகனத்தில் வாசிப்பது எல்லாருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. அதற்குக் காரணம் உண்டு. நம் உடல் அசைகிறதா என்பதை மூளை இரு வழிகளில் அறிகிறது. ஒன்று கண்; மற்றொன்று உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு. பேருந்து வளைந்தும் நின்றும் செல்லும்போது, உட்காது "அசைகிறோம்" என்று தெரிவிக்கிறது. அசையாத பக்கத்தில் பதிந்திருக்கும் கண்ணோ, "அசையவில்லை" என்று தெரிவிக்கிறது. இந்த முரண்பாட்டால் தலைசுற்றலும் குமட்டலும் ஏற்படுகின்றன. வளைவுகளும் திடீர் நிறுத்தங்களும் குறைவாக உள்ள ரயிலில் இத்தொல்லை பெரும்பாலும் குறைவு. பேருந்தில் தலை சுற்றுபவர்கள் புத்தகத்தை மூடிவிட்டுத் தொலைவில் உள்ள பொருள்களைப் பார்ப்பது நல்லது. அவர்கள் காதொலிக் கருவி அணிந்து ஒலிநூல் கேட்கலாம்.

ரயிலுக்கு எத்தகைய புத்தகம் பொருந்தும்? சிறுகதைத் தொகுப்பு மிகவும் பொருத்தமானது. ஒரு பயணத்தில் ஒரு கதையை முடித்துவிடலாம். பாதியில் இறங்க வேண்டி வந்தாலும், கதையின் இழையைத் திரும்பப் பிடிப்பது எளிது. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. கதை எவ்வளவு சுவையாக இருந்தாலும், ஒவ்வொரு நிலையத்திலும் ஒருமுறை தலையை உயர்த்திப் பாருங்கள். இறங்க வேண்டிய நிலையம் தவறிப்போகாது. உட்கார இடம் தேடி நிற்கும் முதியவரும் உங்கள் கண்ணில் படுவார்.

மரநிழல்: இயற்கை தரும் வாசிப்பறை

திறந்த வெளியில் வாசிக்க விரும்புபவர்களுக்குச் சிங்கப்பூரில் பூங்காக்களுக்குக் குறைவில்லை. அவற்றுள் மூத்தது பூமலை என்று நம் முன்னோர் அழைத்த தாவரவியல் பூங்கா. அது 1859இல் தொடங்கப்பட்டது. 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதிகாலை 5 மணி முதல் நள்ளிரவுவரை திறந்திருக்கும் பூங்காவிற்குள் செல்லக் கட்டணம் இல்லை. அங்குள்ள பழமையான தெம்புசு மரம் ஒன்றின் படம் ஐந்து வெள்ளி நோட்டிலும் இடம்பெற்றிருக்கிறது. பெரிய மரங்களின் நிழலில், புல்வெளியில் ஒரு துணியை விரித்து உட்கார்ந்தால், வேறு இருக்கை எதுவும் தேவையில்லை.

ஆயினும், வெளியில் வாசிப்பவர்கள் நம் நாட்டின் தட்பவெப்பத்தை அறிந்திருக்க வேண்டும். நேரடி வெயில் வெள்ளைத் தாளின்மீது பட்டால் கண் கூசும். எனவே, நிழலான இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். பிற்பகலில் இடியுடன் கூடிய மழை திடீரென்று பெய்வது இங்கு வழக்கம். பையில் ஒரு நெகிழிப் பையை வைத்திருந்தால், புத்தகம் நனையாமல் காக்கலாம். பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருப்பதால், ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை 7 மணிக்கே நமக்குச் சூரியன் மறைகிறது. ஆகவே, மாலை 5 மணிக்குப் பூங்காவில் உட்கார்ந்தால், வெயில் தணிந்த பிறகும் இரண்டு மணி நேர வெளிச்சம் எஞ்சியிருக்கும். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலிலும் கடிக்கும் என்பதால், கொசு விரட்டித் தைலம் பூசிக்கொள்வது நல்லது.

மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தின் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். அங்குள்ள நீண்ட வால் குரங்குகளுக்குப் புத்தகத்தில் நாட்டமில்லை. ஆனால், நெகிழிப் பையைக் கண்டால் உள்ளே உணவு இருக்கும் என்று எண்ணி அவை பறிக்க வரக்கூடும். புத்தகத்திற்கான பையைக் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். மரினா அணைக்கட்டின் புல் வேய்ந்த கூரைமேல் உட்கார்ந்தால், கடற்காற்று வீசும், பட்டங்கள் பறக்கும். புத்தகத்தின் பக்கங்களும் சேர்ந்து படபடக்கும் என்பதால், இரு கைகளாலும் பிடித்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும்.

இத்தகைய இடங்களுக்குக் கவிதை நூல்கள் பொருந்தும். ஒரு கவிதையை வாசித்துவிட்டு, தலையை உயர்த்தி மரத்தையோ நீரையோ பார்த்தபடி அதைப் பற்றி எண்ணலாம். பக்கங்களை வேகமாகப் புரட்ட வேண்டிய தேவை அங்கில்லை.

வெற்றுத்தளமும் உணவங்காடியும்

தொலைவுக்குப் போக நேரமில்லை என்பவர்களுக்கு மின்தூக்கியில் இறங்கினாலே ஓர் இடம் கிடைக்கிறது. அதுதான் புளோக்கின் வெற்றுத்தளம். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தை வீடுகளின்றித் திறந்த வெளியாக விட்டது, அக்கம்பக்கத்தார் சந்தித்துப் பழக வேண்டும் என்பதற்காகத்தான். காற்று தாராளமாக வரும். மழையும் வெயிலும் அண்டாது. சில வெற்றுத்தளங்களில் சதுரங்கக் கட்டங்கள் வரையப்பட்ட கல்மேசைகள் உண்டு. ஒரு மேசையில் இரு முதியவர்கள் காய்களை நகர்த்த, மற்றொரு மேசையில் ஒரு மாணவன் புத்தகம் வாசிப்பதை நாம் காணலாம்.

உணவங்காடி நிலையத்திலும் வாசிக்கலாம். ஆனால், நேரம் அறிந்து செல்ல வேண்டும். நண்பகல் உணவு நேரத்தில், தட்டை ஏந்தியபடி பலர் இடம் தேடிக்கொண்டிருக்கும்போது, ஒரு கோப்பைத் தேநீரை வைத்துக்கொண்டு நாவலைப் புரட்டுவது முறையன்று. பிற்பகல் 3 மணிக்குக் கூட்டம் குறைந்துவிடும். அப்போது மின்விசிறியின் அடியில் உட்கார்ந்து செய்தித்தாளையோ இதழையோ வாசிக்கலாம். சுற்றிலும் நான்கு மொழிப் பேச்சு கேட்கும்; அதுவும் ஒரு படிப்பினைதான்.

ஓசையைப் பற்றி ஒரு செய்தி

"அமைதியான நூலகத்தில் எனக்குத் தூக்கம் வருகிறது, காப்பிக் கடையில் நன்றாக வாசிக்க முடிகிறது" என்று சிலர் சொல்வதுண்டு. அது விளையாட்டுப் பேச்சன்று. எல்லா ஓசைகளும் நம்மை ஒரே மாதிரி பாதிப்பதில்லை. மின்விசிறியின் இரைச்சல், மழை, ரயில் ஓடும் ஓசை போன்றவை ஒரே சீராக இருப்பவை. சிறிது நேரத்தில் நம் மனம் அவற்றைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது. ஆனால், பொருள் புரியும் பேச்சு அப்படியன்று. நாம் வாசிக்கும் சொற்களோடு, காதில் விழும் சொற்களும் மனத்தில் போட்டியிடுகின்றன. அருகில் ஒருவர் தொலைபேசியில் பேசினால் தொல்லை இன்னும் கூடுகிறது. ஒரு பக்கப் பேச்சு மட்டுமே கேட்பதால், மறுபக்கம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று மனம் தானாகவே ஊகிக்கத் தொடங்கிவிடுகிறது.

இதை அறிந்துகொண்டால் நாம் இரண்டு பயன்களைப் பெறலாம். முதலாவது, நமக்கு ஏற்ற ஓசையுள்ள இடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவது, நூலகத்தில் நம் தொலைபேசிப் பேச்சு அடுத்த மேசையில் இருப்பவரை எவ்வளவு பாதிக்கும் என்பதை உணர்ந்து நடந்துகொள்ளலாம்.

பொது இடம் யாருடையது?

ஆண்டிறுதித் தேர்வுக் காலத்தில் நூலகங்களில் ஒரு காட்சியைக் காணலாம். மேசையின்மீது ஒரு பையும் பயிற்சிப் புத்தகமும் இருக்கும். ஆளைக் காண முடியாது. பையின் உரிமையாளர் உணவு உண்ணப் போயிருப்பார். ஒரு மணி நேரமாகியும் திரும்பியிருக்கமாட்டார். அதே நேரத்தில், கையில் புத்தகத்தோடு ஒரு மாணவர் நூலகத்தைச் சுற்றி வந்து, இடமில்லாமல் திரும்பிச் செல்வார். உணவங்காடி நிலையத்தில் டிஷ்யூ பொட்டலத்தை வைத்து இடம் பிடிக்கும் பழக்கம் நம் நாட்டில் இருக்கிறது. ஆனால், உணவு உண்ணப் பதினைந்து நிமிடம் போதும். நூலகத்தில் ஒரு நாற்காலியைப் பாதி நாள் வெறுமனே பிடித்து வைப்பது வேறு.

திரும்பிச் சென்ற அந்த மாணவரின் வீட்டில் தனி மேசை இல்லாமல் இருக்கலாம். அவருக்கு அந்த நூலக நாற்காலியே ஒரே வாய்ப்பாக இருந்திருக்கலாம். பையை வைத்துவிட்டுப் போனவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதனால்தான் பொது இடங்களில் நாம் முன்யோசனையோடு நடந்துகொள்ள வேண்டும். நீண்ட நேரம் வெளியே போவதாக இருந்தால், பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவதே முறை. திரும்பி வரும்போது வேறோர் இடம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் சற்றுக் காத்திருக்கலாம். நூலகத்தை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைக்க ஒருவர் நன்கொடையும் நிபந்தனையும் தந்தார். அதைத் தொடர்ந்து எல்லாருக்கும் திறந்திருக்கச் செய்வது நாள்தோறும் அங்கு உட்காருபவர்களின் கையில் இருக்கிறது.

இரவல் வாங்கிய புத்தகத்திற்கும் இது பொருந்தும். பூங்காவில் வாசிக்கும்போது பக்கத்தின் ஓரத்தை மடிக்காமல் ஓர் அட்டைத் துண்டை வைக்கலாம். உணவங்காடியில் எண்ணெய்க் கையோடு புத்தகத்தைத் தொடாமல் இருக்கலாம். நமக்குப் பின்னால் அந்தப் புத்தகத்திற்காக யாரோ காத்திருக்கிறார்கள்.

பொது இடத்தில் தமிழ் நூல்

வீட்டுக்கு வெளியே வாசிப்பதால் தமிழுக்கும் ஒரு நன்மை உண்டு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காட்டினரே வீட்டில் தமிழை அதிகமாகப் பேசுகின்றனர். 2010இல் அது 3.3 விழுக்காடாக இருந்தது. வீட்டில் தமிழ் ஒலிப்பது குறையும்போது, பள்ளிப் பாடவேளையில் மட்டும் அம்மொழி வாழ்ந்தால் போதுமா?

ரயிலில் ஆங்கில நாவலைத் தயங்காமல் திறக்கும் சில மாணவர்கள், தமிழ்ப் புத்தகத்தைத் திறக்கச் சற்றுத் தயங்குகிறார்கள். மற்றவர்கள் பார்ப்பார்களே என்ற கூச்சம் ஒரு காரணம். எழுத்துக்கூட்டி மெதுவாக வாசிக்க வேண்டியிருக்கிறதே என்ற எண்ணம் மற்றொரு காரணம். ஆனால், ரயிலில் எதிரே இருப்பவருக்கு நீங்கள் எத்தனை நிமிடத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டுகிறீர்கள் என்று கணக்கெடுக்க நேரமில்லை. மெதுவாக வாசிப்பவர்களும் நாள்தோறும் வாசித்தால் வேகம் தானாகவே வரும். மேலும், நிலையத்தின் பெயர்ப் பலகைகளில் தமிழைப் பார்க்கும் நாட்டில், பயணியின் கையிலும் தமிழைப் பார்ப்பதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

எந்தத் தமிழ்ப் புத்தகத்தை வாசிப்பது என்ற கேள்வி எழலாம். நம் பொது நூலகங்களில் சிறுவர் கதைகள் முதல் நாவல்கள்வரை தமிழ் நூல்கள் உள்ளன. சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டான 2015இல், நம் எழுத்தாளர்கள் ஐம்பது ஆண்டுகளில் எழுதிய முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவம் பெற்றன. தமிழ்ச் சமூகத்தினரும் தேசிய நூலக வாரியமும் இணைந்து இதைச் செய்தனர். அவற்றுள் நம் தெருக்களும் புளோக்குகளும் சந்தைகளும் கதைக்களமாக வருகின்றன. தேக்காவைப் பற்றிய ஒரு கதையைத் தேக்காவுக்குப் போகும் ரயிலிலேயே வாசித்துப் பாருங்கள். கதையில் படித்த தெருவில் சற்று நேரத்தில் நீங்களே நடந்து செல்வீர்கள்.

இந்த வாரமே தொடங்கலாம்

மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பார்கள். வாசிப்பைப் பொறுத்தவரை, மார்க்கம் நம் வீட்டு வாசலுக்கு வெளியிலேயே தொடங்குகிறது. உங்கள் வீட்டிலிருந்து நடந்து செல்லக்கூடிய தொலைவில் உள்ள மூன்று இடங்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். வெளிச்சம் போதுமா, ஓசை எப்படி, காற்று வருகிறதா, எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்று கவனியுங்கள். மூன்றில் ஒன்றாவது உங்களுக்குப் பொருந்தும். பொருந்திய இடத்திற்கு வாரத்தில் இரண்டு முறை, ஒரே நேரத்தில் சென்று வாருங்கள். சில வாரங்களில், அங்கு போய் உட்கார்ந்ததுமே மனம் புத்தகத்தைத் தேடத் தொடங்கிவிடும்.

பிறகு அந்த இடத்தை வகுப்பில் உங்கள் நண்பர் ஒருவருக்கும் சொல்லுங்கள். வீட்டில் வாசிக்க இடமில்லாத ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

கருத்துணர்வோம்

1. லீ காங் சியான் நன்கொடையோடு வைத்த நிபந்தனைகள் யாவை? அவற்றால் யார் பயனடைந்தனர்?

2. ஓடும் பேருந்தில் வாசிக்கும்போது சிலருக்கு ஏன் தலை சுற்றுகிறது? உங்கள் சொந்தச் சொற்களில் விளக்குக.

3. மழை ஓசையைவிட, அருகில் ஒருவர் தொலைபேசியில் பேசுவது வாசிப்பை அதிகம் பாதிப்பது ஏன்?

4. "நூலகத்தில் பையை வைத்து இடம் பிடிப்பது தவறன்று, முதலில் வந்தவருக்கே அந்த இடம் உரியது." இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? இரண்டு காரணங்களுடன் குழுவில் கலந்துரையாடுக.

5. உங்கள் வட்டாரத்தில் வாசிப்பதற்கு ஏற்ற ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கு வாசிக்கப் பொருத்தமான நேரம், நூல், கவனிக்க வேண்டியவை ஆகியவற்றை விளக்கி, உங்கள் வகுப்பு நண்பருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுக.